விழுப்புரத்தில் வண்டி மாறினால் வெளிநாடு

சாந்தோமில் எங்கள் தெருவில், வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீட்டுக்கு மரியாதை கிடையாது. எதிர்வீட்டுக்காரியின் மகள் கொழும்பில். மூலைவீட்டுக்காரியின் மகன் பினாங்கில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால், ஒவ்வொருத்தியும் ஒரு கடலைத் தாண்டிக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவாள். எனக்குத் தாண்டுவதற்கு அடையாற்றுப் பாலத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அந்த நிலைமையில்தான் என் மகளுக்குப் புதுச்சேரியிலிருந்து வரன் வந்தது.

இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அப்போது புதுச்சேரி வெளிநாடு. நம்முடைய வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அங்கே பிரெஞ்சுக்காரன் நகராமல் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம். எனக்கு வேறென்ன வேண்டும்? கல்யாணம் முடிந்த மறுவாரமே கோயில் வாசலில், "எங்க பொண்ணு பிரெஞ்சு தேசத்துல சௌக்கியமா இருக்கா" என்று ஆரம்பித்துவிட்டேன்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், மீன்காரியைத் தவிர.

"இன்னாமா, பொண்ணு பாரின்ல கீதாமே? கப்பல்ல போவணுமா?"

"ரயில்ல."

"ரயில்ல போற ஊரு இன்னாமா பாரினு?"

அவளிடம் மீன் வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தேன்.

என் கணவர் அவளைவிட மோசம். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கப்பல்களை வழியனுப்பிவிட்டு ஒன்றில்கூடக் கால் வைக்காதவர். யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், "செங்கல்பட்டைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம்" என்பார். ஆனால் கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து மகளைப் பார்க்கப் போகலாம் என்று முடிவானதும் முதலில் கிளம்பியவர் அவர்தான். பழைய கம்பளிக் கோட்டை வெயிலில் காயப்போட்டார். சித்திரை மாதம் அது. "வெளிநாட்டுச் சீதோஷ்ணம் எப்படி இருக்குமோ" என்றார். கான்வென்ட்டில் இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியிடம் போய் 'போன்ழூர்' என்ற வணக்கச் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்து, கண்ணாடி முன் நின்று பழகினார். மூக்கால் பேச வேண்டுமாம். இரண்டு நாள் வீட்டில் ஜலதோஷக்காரர் ஒருவர் இருப்பது போலவே இருந்தது.

நான் தியாகராய நகருக்குப் போய்ச் சம்பந்தி அம்மாளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். "வெளிநாட்டுக்குக் கொண்டுபோறது, நல்லதா காட்டுங்க" என்றேன். கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்று, "சிங்கப்பூருங்களா?" என்று கேட்டார். நான் புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன். புன்னகை பொய்யில் சேராது.

எழும்பூரில் ரயிலேறி விழுப்புரத்தில் வண்டி மாறினோம். எல்லையில் சோதனைக்காரர்கள் ஏறினார்கள். அந்த வருஷம்தான் எல்லைச் சோதனை மறுபடி கடுமையாகியிருந்தது. எங்கள் பெட்டிகளைத் திறந்து காட்ட நான் தயாராக நின்றேன். ஊருக்குத் திரும்பிச் சொல்ல வேண்டாமா? அதிகாரி என் தகர டப்பாவை மட்டும் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்ன?"

"முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும்."

"போங்க, போங்க" என்று கையசைத்துவிட்டு அடுத்த ரயில் பெட்டிக்குப் போய்விட்டார். எனக்கு மானமே போய்விட்டது. ஒரு தேசத்துக்குள் நுழைவது போலவா இருந்தது? யாரோ வீட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்தது போல இருந்தது.

புதுச்சேரி ரயிலடியில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். என் கணவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு அவரிடம் நேராகப் போய், மூக்கால், "போன்ழூர்" என்றார்.

"இன்னா பெரியவரே, ஜலதோஷமா? எந்தத் தெருவுக்குப் போவணும்?" என்றார் போலீஸ்காரர்.

அதற்குப் பிறகு என் கணவர் அந்தச் சொல்லை உபயோகிக்கவில்லை. கோட்டும் பெட்டிக்குள் போய்விட்டது.

சம்பந்தி அம்மாள் எங்களை வாசலிலேயே நின்று வரவேற்றார். கணவரை இழந்தவர். உயரமான, கனத்த மனுஷி. காதில் கல் வைத்த தோடு, கையில் செபமாலை. "வாங்க, வாங்க. பிரயாணம் எல்லாம் சௌக்கியமா? எங்க பிரான்சு உங்களுக்குப் புடிக்கும்" என்றார். தெருமுனையில் ஒரு மாடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை யுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் "எங்க பிரான்சுல" என்று ஆரம்பித்தால் நான் "எங்க மெட்ராஸ்ல" என்று முடிப்பேன். நீளமான ரொட்டியை வெட்டிக்கொண்டே, பிரான்சில் வீதிகளைத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள் என்றார் அவர். எங்கள் கடற்கரைச் சாலையைக் கழுவவே வேண்டாம், அழுக்கே விழாது என்றேன் நான். அவர் பிரான்சைப் பார்த்ததில்லை. அவருடைய மாமனார் காலத்தில் யாரோ ஒருவர் கப்பலேறிப் போனாராம். அதுவே மூன்று தலைமுறைக்குப் போதுமானதாக இருந்தது. ஆண்கள் இருவரும் எங்கள் சண்டைக்குள் வரவில்லை. மாப்பிள்ளை என் கணவருக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயின் ஊற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாவது கிண்ணத்தில் என் கணவர் பிரான்சு பக்கம் சாய்ந்துவிட்டார்.

என் மகள் மட்டும் பரிமாறிக்கொண்டு பேசாமல் இருந்தாள். எனக்கு அது ஆச்சரியம். சாந்தோமில் இருந்தபோது அவள் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஊர் பார்க்கக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போய்விட்டதால் மகள்தான் வழிகாட்டி. "இது கவர்னர் மாளிகை" என்று ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினாள். உள்ளேயிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். "அப்போ ஆஸ்பத்திரியா இருக்கும்" என்றாள். கடற்கரைக்குப் போகலாம் என்று திரும்பினாள். சாக்கடை ஓடும் ஒரு வாய்க்கால் வந்தது. வேறு தெருவில் நுழைந்து சுற்றினோம். மறுபடி அதே வாய்க்கால். மூன்றாம் முறையும் அந்த வாய்க்கால் எங்களை வரவேற்றபோது என் கணவர், "நம்ம பக்கிங்காம் கால்வாய்க்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏண்டி, மூணு வருஷமா இங்கதானே இருக்க?"

"பூசைக்குப் போவேன், வருவேன். அதுவும் அத்தை கூடத்தான்."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் என்னம்மா? வீடுதான். இந்த வீட்டுப் பொம்பளைங்க வெளியே சுத்தறதில்லையாம்."

லஸ் முனையில் தனியாக டிராம் ஏறி, ஆசிரியைப் பயிற்சிக்குப் போய் வந்தவள் அவள். ஏறும் இடத்தில் கூட்டம் என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறுவாள். மயிலாப்பூர் சந்து ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளைத்தான் வீதிகளைத் தண்ணீர் விட்டுக் கழுவும் தேசத்துக்கு அனுப்பி, வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தோம். என் கணவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொழும்பா இருந்தா கப்பலாவது பார்த்திருப்பா" என்றார்.

சம்பந்தியிடம் சண்டை போட்டால் நாங்கள் ஊர் திரும்பிய பிறகு அடி மகளுக்குத்தான் விழும். சம்பந்திக்குப் பலமே அந்தப் பிரான்சுப் பெருமைதான், அதையே பிடித்தேன். அன்று இரவுச் சாப்பாட்டில் பெருமூச்சு விட்டேன்.

"உங்க பிரான்சை ஒழுங்கா பார்க்காம திரும்பிப் போனா மெட்ராஸ்ல என்னைக் கேட்பாங்க சம்பந்தி. நாளைக்குக் கடல் பாலம், அப்புறம் கலங்கரை விளக்கம், தோட்டம்... எல்லாத்தையும் பொண்ணு காட்டட்டும்."

"அவ எதுக்கு? என் மகன் ஞாயித்துக்கெழம கூட்டிப் போவான். எங்க வீட்டுப் பொம்பளைங்க கடக்கரையில திரியறது இல்ல."

"சரி, அப்போ நீங்களே வந்து காட்டுங்க. உங்க தேசத்தை உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

சம்பந்தி அம்மாள் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது. மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார்.

"வரேன்" என்றார் கடைசியில். "மருமகளும் வரட்டும், குடை பிடிக்க."

மறுநாள் மாலை இரண்டு தள்ளு வண்டிகள் வந்தன. அந்த ஊர் வண்டி விசித்திரமானது. ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்ப வேண்டும். நானும் சம்பந்தியும் ஒரு வண்டியில். கைப்பிடி அவர் கையில். முதல் திருப்பத்திலேயே ஒரு பூக்கடைக்குள் போனோம். இரண்டாவது திருப்பத்தில் ஒரு பிரெஞ்சு மதாமின் நாய் உயிர் பிழைத்தது. "மாமூலா எந்தப் பக்கம் திருப்புவீங்க மதாம்?" என்று பின்னாலிருந்து கேட்டான் வண்டிக்காரன். சம்பந்தி கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மதாம் இதற்குமுன் எந்தப் பக்கமும் திருப்பியதில்லை என்று எனக்குப் புரிந்தது. பூக்கடைக்காரியிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன், மெட்ராஸ் தமிழில்.

கடல் பாலம் என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகும் இரும்புப் பாலம். மேலே பலகை பரப்பியிருக்கும். பலகை இடுக்கில் அலை தெரியும். சம்பந்தி அம்மாள் இரண்டு பலகை நடந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் பார்த்ததுதான்."

"எப்போ பார்த்தீங்க அத்தை?" என்று கேட்டாள் என் மகள். வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அலை ஒன்று கீழே மோதியது. சம்பந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, "கல்யாணமாகி வந்தப்போ உங்க மாமா காட்டறேன்னு சொன்னாரு. ஆபீசு, ஆபீசுன்னு... அப்புறம் அவரும் போயிட்டாரு" என்றார்.

நான் கேட்காத மாதிரி கடலைப் பார்த்தேன். எனக்கு அவரை இன்னும் நாலு வார்த்தை கேட்க ஆசைதான். காற்று என்னை முந்திக்கொண்டது. அவர் தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணியைப் பறித்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கம்பியில் மாட்டியது. அதைப் பிடிக்க ஓடினார். அந்தக் கனத்த மனுஷி, பலகையையும் இடுக்கையும் மறந்து, முக்காட்டின் பின்னால் ஓடினார். என் மகள் குடையோடு அவர் பின்னால் ஓடினாள். பாலத்தின் நடுவே இருவரும் அதைப் பிடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டிருக்கும். பிறகு கடைசிவரை நடந்துபோய், பொழுது சாயும்வரை திரும்பவே இல்லை. கரையில் நானும் என் கணவரும் கொசுக்கடியில் காத்திருந்தோம்.

மறுநாள் காலை காப்பியோடு வந்து சம்பந்தி கேட்டார்: "இன்னிக்கு எங்க போறோம்?"

அதன் பிறகு எங்களுக்கு ஓய்வில்லை. கலங்கரை விளக்கம், தோட்டம், சந்தை, யாரோ ஒரு துரையின் சிலை, ஊரிலுள்ள எல்லா மாதா கோயில்களும். என் கணவர் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு, "நாம ஊருக்குப் போயிடலாமா?" என்று கெஞ்சினார். மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்தால் வீட்டில் ஆளிருக்காது. ஆறிப்போன ரசத்தை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. நாங்கள் கிளம்பும் நாளில் மாமியாரும் மருமகளும் எங்கேயோ சுற்றப் போய்விட்டு, ரயில் நகரும்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். என் மகள் வழிநெடுகப் பேசிக்கொண்டே ஓடி வந்தாள்.

அடுத்த வருஷம் இருவரும் மெட்ராஸ் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடையாற்று ஆலமரத்தையும் தியாகராய நகர்க் கடைகளையும் காட்ட நான் திட்டம் போட்டிருந்தேன். சம்பந்திக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது டிராம். லஸ்ஸில் ஏறினோம். பாரிமுனையில் வண்டி நின்று எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். சம்பந்தி ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, எறங்கலியா? வண்டி திரும்பி மயிலாப்பூருக்குத்தான் போவுது" என்றார் கண்டக்டர்.

"தெரியும். நாங்க பிரான்சுக்காரங்க. சுத்திப் பார்க்க வந்திருக்கோம்" என்றார் சம்பந்தி.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கடைத்தெருவைப் பார்த்தேன். என் மகள் மாமியார் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு டிக்கெட் குடுங்க" என்று கையை நீட்டினாள்.