கதவில் எழுந்த கை

ஜப்பானின் வாஜிமா ஊரில் எங்கள் சந்துக்கு மருமகளாக வந்த இசோவை நினைத்தால், கண்ணில்லாத ஒரு முகம்தான் முதலில் எழுகிறது. அரக்கு மரத்தின் பால் பட்டு வீங்கி, இரு கண்களும் மூடிப்போன முகம். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குடும்பத்துப் பெண் அவள். மாமனார் கிஹேயின் அரக்குப் பூச்சுப் பட்டறையில் அவளுக்கு வாய்த்த வேலை, மரத்தில் வடித்த பச்சைப் பாலைத் துணியில் பிழிந்து வடிகட்டுவது. அந்த விஷத்தில் பெண்கள் கை நனைக்கலாம். மாடியில் கடைசிப் பூச்சு நடக்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது, தீட்டு. வெட்கங்கெட்ட சட்டம்!

கிஹேயின் மகன் தத்சுஜிக்கு இவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி சாயோவும் இப்படித்தான் வீங்கினாள். "அரக்கு அவளை ஏத்துக்கல" என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடாமலே விட்டார்கள். மூச்சடைத்துச் செத்தாள்.

அவர்களுடைய அலமாரிகளுக்கு மரவேலை செய்பவன் நான். மழைக்காலத்தில் ஒரு காலை, புதுக் கதவொன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்பனும் மகனும் ஈரப்பெட்டியின் முன் உறைந்து நின்றார்கள். அரக்கு ஈரக்காற்றில்தான் இறுகும். அதற்கான பெட்டி அது. உள்ளே நிறுத்தியிருந்த கதவின் பளபளத்த கறுப்பில் ஒரு கை தெரிந்தது. உள்ளிருந்து யாரோ விரல் விரித்துத் தள்ளுவதுபோல இருந்தது. தூக்கி வந்த கதவைச் சுவரில் சாய்த்தேன்.

"நேத்துப் பூசினப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு, தச்சரே. இப்போ பாருங்க, கை!" என்றார் கிஹே. "சாயோதான். புதுசா வந்தவளைப் பிடிக்கல. மத்தியானப் படகுல இவளைப் பொறந்த வீட்டுக்கே அனுப்பிடறோம்."

"அந்த முகத்தோடயா? படகுலயே மூச்சு நின்னுரும்யா!" என்றேன்.

படிக்கட்டு கிறீச்சிட்டது. சுவரைத் தடவியபடி இசோ ஏறி வந்தாள்.

"கீழ இறங்கு! இங்க வரக் கூடாது!"

"அதான் அனுப்பப் போறீங்களே மாமா, இனிமே என்ன தீட்டு? தச்சரே, அது பெரிய கையா, சின்னக் கையா?"

"பெருசும்மா."

"சாயோவுக்குச் சின்னக் கை," என்றான் தத்சுஜி, தரையைப் பார்த்தபடி.

"செத்தவ கை, எப்படியும் இருக்கும்!" என்றார் கிஹே.

"செத்தப்புறம் வளந்துச்சோ?" என்றாள் இசோ. குரல் வந்த திசையில் கை நீட்டி, மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்து முகர்ந்தாள். "கடுகெண்ணெய் வாசம் அடிக்குது, மாமா."

தூரிகை கழுவும் எண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் அரக்கு இறுகாது. சுற்றிலும் இறுக இறுக, அது மட்டும் மங்கிப்போய்த் தெரியும். பூசுவதற்கு முன் கதவை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது கிஹேயின் பழக்கம். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது.

நான் இடம் காட்ட, இசோ அந்தக் கையைக் கதவில் தெரிந்த கையின் மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. எடுத்தபோது உள்ளங்கை கறுத்திருந்தது.

கிஹே அதையே வெறித்தார். "அப்போ சாயோவுக்கு எங்க மேல கோபமில்லையா?"

"செத்தவங்களுக்குக் கோபம் வராது மாமா. எனக்குத்தான் வருது. டாக்டரைக் கூப்பிடுங்க."

தத்சுஜி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினான்.