ஏதோ கறக்குது

பால் 'சர் சர்' என்று செம்பில் விழும் சத்தம் கேட்டால், நுரையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடும் அம்மாதான் இன்றும் என் கண்ணில் வருகிறாள். ஐம்பதுகளில், தளிப் பக்கத்து எங்கள் ஊரில், கண்பட்டுவிடும் என்று யாரும் தன் வீட்டுச் செல்வத்தைத் தன் வாயால் சொல்லமாட்டார்கள். மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால், "ஏதோ கறக்குது, கன்னுக்கே பத்தல" என்பார் அப்பா. கேட்டவர், "நம்பிட்டோம், நம்பிட்டோம்!" என்று சிரித்துக்கொண்டே போவார். அதுதான் முறை. எங்களுக்கு மூத்த பையனை 'எவ்ளோ லட்சணம்' என்று அப்பாவே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லி, அந்த வாரமே காய்ச்சலில் பறிகொடுத்திருந்தார்.

எட்டாவது படித்த அக்கா இதற்கு ஓர் இங்கிலீஷ் சொல் வைத்திருந்தாள். "அப்பா மாட்ட டிப்ரிஷியேட் பண்றாருடி!" என்று என் காதில் சொல்லிச் சிரிப்பாள். லத்தீனில் 'டி' என்றால் கீழே, 'ப்ரீஷியம்' என்றால் விலை. பணம் மதிப்பிழந்தாலும், மனிதரை மட்டந்தட்டினாலும் அதே சொல்தான் என்று பள்ளியில் கேட்டதை எனக்கும் சொல்வாள்.

அந்தக் கோடையில், கிருஷ்ணகிரியில் டீச்சர் டிரெயினிங்குக்கு எட்டாவது முடித்த பெண் தேடி ஒரு பெரிய டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர், எங்கள் பக்கத்துக்குப் புதிது.

"ஆஸ்டல்ல ஒரு எடந்தான் இருக்கு. பிள்ள நல்லாப் படிக்குமா?"

"எங்கம்மா! ஏதோ எழுத்துக்கூட்டிப் படிக்கும். அடுப்பூதத்தான் லாயக்கு," என்ற அப்பா, சிரிப்புக்காகக் காத்து நின்றார்.

"பெத்தவருக்குத் தெரியாததா? பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம்," என்று எழுந்துவிட்டார் டீச்சரம்மா.

"அந்தம்மா நம்பிட்டாங்களே!" என்றார் அப்பா.

"ஓடிப்போயி, எம்பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்லுய்யா," என்று அம்மா விரட்டினாள். கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

சாலைப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்ற டீச்சரம்மாவின் பக்கத்தில், பஸ் வரும்வரை துண்டைக் கையில் பிடித்தபடி அப்பாவும் நின்றாராம். பஸ் போனபின் திரும்பி வந்தார். "மூத்தவன் நெனப்பு வந்துருச்சு. வாயி வரல," என்றார். அக்கா அந்த இங்கிலீஷ் சொல்லை அதன்பிறகு சொல்லவேயில்லை. அஞ்செட்டியில் கட்டிக்கொடுத்தார்கள், மாடு மேய்த்தாள்.

ஓசூர்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தேன். வருஷக் கடைசியில் கணக்கர்கள் இயந்திரங்களின் விலையைக் குறைத்து எழுதும்போது அக்காவின் அந்தச் சொல் காதில் விழும். கை ஒரு நிமிஷம் நின்றுவிடும். இன்று பஸ்ஸில் தாய்மார் பிள்ளைகளின் மார்க்கை உரக்கச் சொல்கிறார்கள். 'நம்பிட்டோம்' என்று சிரிப்பவர் இப்போது யாருமில்லை.

போன மாதம் அக்கா தன் பேத்தியோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். "இவ கெட்டிக்காரி, ரொம்பக் கெட்டிக்காரி," என்று கேட்காதவர்களிடமெல்லாம், பஸ் கண்டக்டரிடம்கூட, சண்டைக்கு நிற்பவள்போலச் சொன்னாள். சொன்ன கையோடு பேத்தியின் தலையை முந்தானையால் மூடினாள். திரும்பும் பஸ்ஸுக்காக நாங்கள் நின்ற இடத்தில் அந்தப் புளியமரம் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள்.