சித்தியின் விரதமும் மூன்று கேப்சூல்களும்

அந்த வருடம் எங்கள் வீட்டு விரதத்துக்கு நான்தான் இன்ஸ்பெக்டர். யாரும் நியமிக்கவில்லை. ஒன்பது வயதில் அதற்கெல்லாம் காத்திருக்க எனக்குப் பொறுமையும் இல்லை.

விரதம் சித்திக்காக. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. மலேசியாவின் கூலாய் ஊரில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு லூபஸ் என்ற நோய். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குமாம். வெயில் ஆகாது, மூட்டெல்லாம் வலிக்கும். அது போதாதென்று இருபத்தொன்பது வயதில் பக்கவாதமும் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. தாத்தாக்களுக்கு வருவது இவளுக்கு எப்படி வந்தது என்று அக்கம்பக்கமே வாயைப் பிளந்தது. லூபஸ் இருந்தால் இளவயதிலும் வரும், மருந்தை விட்டால் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். பெரியவர்கள் அதைத் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்தில் சித்தி எழுந்து நடந்தாள். நடந்த கையோடு, தைப்பூசத்துக்கு நானே பால்குடம் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீடே விரதத்தில் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை வரி விடாமல் படித்தேன். சட்டையில் மீன் வாடை அடிக்கிறது என்று அப்பாவை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

பள்ளியில் என் பக்கத்து மேசைத் தோழி மலாய்க்காரி, முஸ்லிம். ஜெலட்டின் இருக்கிறதா, எதிலிருந்து எடுத்தது என்று பார்க்காமல் மிட்டாயைத் தொடமாட்டாள். மருந்து கேப்சூலின் கூடு கூட ஜெலட்டின்தான், மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது என்று அவள் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. சித்தி தினமும் காலையில் ஒரு கேப்சூல் விழுங்குகிறாளே. விரதம் கெட்டால் வேண்டுதல் பலிக்காது. பலிக்காவிட்டால் கால் மறுபடி இழுத்துக்கொள்ளும். என் கணக்கு அவ்வளவுதான்.

சித்தியின் வலது விரல்கள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மாத்திரை அட்டையைப் பிரித்து ஏழு நாள் டப்பாவில் அடுக்குவது என் வேலை. அந்த வாரம் கேப்சூலை மட்டும் விட்டுவிட்டேன். கை நிறைய மாத்திரைகள், சித்தி எண்ணுவதே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நல்ல காரியத்தை எத்தனை நாள் மறைத்து வைப்பது? மூன்றாம் நாள் காலையில், மாத்திரைகளை விழுங்கிவிட்டு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சித்தி, இப்பதான் நீங்க சுத்த சைவம், தெரியுமா?"

"எப்பவும் அப்படித்தானே லா."

"இல்ல. அந்த கேப்சூல் மாட்டுத் தோல்ல செய்றாங்க. மூணு நாளா நான் போடவே இல்ல."

சித்தி கிளாசைக் கீழே வைத்தாள். "மூணு நாளாவா?"

"ஆமா. ஒண்ணும் பயப்படாதீங்க, சாமி கோவிச்சுக்காது."

அம்மா என்னைத் திட்டிய திட்டு மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம், இன்றையதை மட்டும் உடனே போடுங்கள், வாய் கோணினாலோ, தூக்கிய கை தாழ்ந்தாலோ ஓடி வாருங்கள் என்றார்கள். சித்தி மட்டும் என்னைத் திட்டவில்லை. கேப்சூலை விழுங்கிவிட்டு நேராகக் கண்ணாடி முன் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தாள். பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"வாய் கோணியிருக்கா, பாரு."

"இல்ல சித்தி, நேராத்தான் இருக்கு."

பால்குடத்துக்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே குதூகலம். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் கண்ணாடி முன் நிற்பாள், நானும் ஓடிப்போய் நிற்பேன்.

தைப்பூசத்தன்று வெயில் ஏறுமுன் சித்தி பால்குடம் எடுத்தாள். வலது கை நடுங்கியது, ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் முன்னால் ஓடிக்கொண்டே "வேல், வேல்" என்று கத்தியதில் தொண்டை கட்டிப்போனது. அம்மா கோபமெல்லாம் மறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், சித்தி மறுபடி கண்ணாடி முன் கைகளைத் தூக்கி நிற்கிறாள்.

"பால்குடம்தான் எடுத்தாச்சே சித்தி, இன்னும் எதுக்கு?" என்றேன்.

அவள் தூக்கிய கைகளில் எது தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, அவளைவிட உயரமாகக் கைகளைத் தூக்கிப் பல்லைக் காட்டினேன்.