வெள்ளிமலை ஏற்றத்தில் ஒரு கூலண்ட் கசிவு

கல்வராயன் மலைக்குப் போக வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் போன கார்த்திகையில் ஒரு மோட்டாரின் புண்ணியத்தில்தான் போக முடிந்தது.

என் கணவரின் அக்கா சுமதி அண்ணிக்கு மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு விவசாயம். அவருடைய தோழி அஞ்சலை, வெள்ளிமலையில் சாமை, தினை உடைத்துக் கொடுக்கும் சிறிய மில் நடத்துகிறார். மில்லின் மோட்டார் எரிந்துபோனதால், காயில் கட்டக் கள்ளக்குறிச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனதற்கு மறுநாள் அந்த ஊரில் ஒரு கல்யாணம். விருந்துக்கான சாமை மூட்டைகள் உமி நீக்காமல் கிடந்தன. மோட்டாரை நானே கொண்டு வந்து சேர்க்கிறேன் என்று அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

அண்ணியின் ஜீப் தொண்ணூறுகளில் வாங்கிய டீசல் வண்டி. கள்ளக்குறிச்சியில் மோட்டாரை ஏற்றிக் கட்டி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மதியம் ஒரு மணி இருக்கும். கச்சிராயபாளையம் வரை சமதளம். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். கார் ஓட்டிப் பழகியவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் வளைவுகளில் பேருந்து எதிரே வரும், ஹாரன் அடிக்கக் கூச்சப்படாதீர்கள்.

நாலைந்து வளைவு ஏறியதுமே வெந்நீரும் எண்ணெயும் கலந்ததுபோல ஒரு வாடை வந்தது. சூடு காட்டும் ஊசி சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார். சூட்டில் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில்தான் பீறிடும். மூடியைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தோம்.

வண்டிக்கு அடியில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் பச்சை நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், நனைந்திருந்ததால், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்தான் தளர்ந்துவிட்டது என்று அண்ணி முடிவுகட்டி முறுக்கினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை முழுக்க ஊற்றிக் கிளம்பினோம். மூன்றே வளைவில் ஊசி மறுபடி ஏற, மறுபடி ஓரங்கட்டினோம். இப்போது குடிக்கவும் தண்ணீர் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். இறக்கத்தில் எஞ்சின் அவ்வளவாகச் சூடாகாது, உருட்டிக்கொண்டே அணைவரை போய்விடலாம் என்பது என் கணக்கு. அண்ணி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒழுவற எடம் தெரியாம கீழ போனா மட்டும் இன்னா ஆவப் போவுது? மொதல்ல எங்க ஒழுவுதுன்னு பாப்போம்."

அந்த நேரத்தில் ஆட்களை நிறைத்துக்கொண்டு ஒரு ஜீப் ஏறி வந்தது. ஓட்டியவர் வெள்ளிமலைக்காரர், பெயர் முருகேசன். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஏறிக்கொள்ளுங்கள், காலையில் மெக்கானிக்கை அழைத்து வரலாம் என்றார். நல்ல யோசனை என்று நான் பையை எடுத்தேன்.

"மோட்டாரு?" என்றார் அண்ணி.

"அதுக்கு எடம் இல்லக்கா. ஆளுங்களே தொங்கிக்கினு வராங்க."

"அப்ப நீ கெளம்பு தம்பி. தண்ணி இருந்தா மட்டும் குடுத்துட்டுப் போ."

இரண்டு கேன் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் டூல் பையிலிருந்து ஒரு பழைய ஹோஸ் கிளிப்பையும் எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நனைந்திருக்கும் இடமும் ஒழுகும் இடமும் வேறாக இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும்போது அப்படித்தான். ஓட்டை ஒரு மூலையில், ஈரம் இன்னொரு மூலையில். எஞ்சின் ஆறியதும், ஹோஸ் எல்லாவற்றையும் துண்டால் துடைத்துக் காயவைத்தோம். என் கைப்பையில் இருந்த முகப்பவுடரை எடுத்து மேல் ஹோஸிலிருந்து கீழ் ஹோஸ் வரை லேசாகத் தடவினேன். தண்ணீர் ஊற்றி மூடியைப் போட்டு, அண்ணி ஸ்டார்ட் செய்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, ஃபேனுக்குத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. சூடு ஏற ஏற, மேல் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் பவுடர் கறுத்தது. அங்கிருந்து ஒரு ஈரக்கோடு எஞ்சினை ஒட்டி இறங்கிக் கீழ் ஹோஸில் வந்து சேர்ந்தது. "அண்ணி, மேல!" என்று கத்தினேன்.

கிளிப்பைக் கழற்றினால், ஹோஸின் நுனி வெடித்திருந்தது. குளிர்ந்திருக்கையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு, உள்ளே அழுத்தம் ஏறியதும் வாய் திறந்திருக்கிறது. மீதி ரப்பர் கெட்டியாகவே இருந்தது. அண்ணி வண்டியில் வைத்திருந்த கத்தியால் வெடித்த நுனியை இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்தார். நீளம் குறைந்த ஹோஸை இழுத்து மாட்டுவதற்குள் இருவருக்கும் கை கன்றிவிட்டது. பழைய கிளிப்பின் மரை தேய்ந்திருந்ததால் முருகேசன் தந்ததைப் போட்டு முறுக்கினோம். மறுபடி துடைத்து, மறுபடி பவுடர், மறுபடி ஸ்டார்ட். இந்த முறை பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

மிச்சமிருந்த தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டேன். சின்ன கியரிலேயே ஏறினோம். இடையில் இரண்டு இடத்தில் அண்ணி தானாகவே நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிமலை சேரும்போது விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

அஞ்சலை மில் வாசலில் இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உரலும் உலக்கையும். எங்கள் வண்டி நின்றுவிட்டதை முருகேசன் சொல்லியிருக்கிறார்; இனி மோட்டார் வராது என்று நினைத்து அவர்கள் கையாலேயே குத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மூட்டையில் கால்வாசிகூட ஆகவில்லை, அஞ்சலையின் உள்ளங்கையில் கொப்புளம். மூங்கில் கட்டி மோட்டாரை இறக்கினோம். ஓட விட்டபோது அது எதிர்ப்பக்கம் சுற்றியது! நல்லவேளை, இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. உமி பறந்து எங்கள் தலையெல்லாம் வெளுத்தது. அஞ்சலை ஒரு கைப்பிடி சாமையை அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, "நாளைக்கி கல்யாணத்துல சாப்ட்டுத்தான் போவணும்," என்றார். சாப்பிட்டோம்.

கிளம்பத் திட்டமிடுபவர்களுக்கு: கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. பழைய வண்டியில் போவதானால், முந்தின நாளே ஹோஸ் நுனிகளை அழுத்திப் பாருங்கள்; வெடிப்போ உப்பலோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் வேறு, வண்டித் தண்ணீர் வேறு என்று இரண்டு கேன் எடுங்கள். ஒன்றிரண்டு கிளிப்பும் கத்தியும் துண்டும் இருக்கட்டும். ஊசி ஏறினால் அடுத்த வளைவுவரை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருந்தால், இறங்கியதும் கூலண்டை மாற்றிவிடுங்கள். நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஹோஸ் முழுவதையும் புதிதாகப் போட்டோம்.

அங்கே மெக்கானிக் கடையில் காத்திருந்தபோது, உங்களுக்குப் பயமாகவே இல்லையா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "அதான் ரோட்டப் பாத்தத விட ஊசியப் பாத்துக்கினே ஓட்னேன்."