கிரகணத்தன்று எனக்குக் காய்ச்சல்

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. மற்ற பாடங்களை ஒழுங்காகத்தான் எடுப்பேன். கிரகணம் என்று வந்துவிட்டால் மட்டும் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிடும். ராகு, கேது, பாம்பு என்று எந்தப் பிள்ளையாவது ஆரம்பித்தால் போதும், வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போவேன். ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டச் சொல்வேன். எதிரே நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டி விரலுக்குப் பின்னால் காணாமல் போகும்.

“தொட்டிய உங்க விரல் முழுங்கிடுச்சா? இல்லல்ல. கிட்ட இருக்கற சின்னது தூரத்துல இருக்கற பெரிச மறைக்குது. நிலாவும் அப்படித்தான். சூரியன் நிலாவ விட ஏறக்குறைய நானூறு மடங்கு பெரிசு, ஏறக்குறைய நானூறு மடங்கு தூரத்துலயும் இருக்கு. அதனாலதான் ரெண்டும் ஒரே அளவா தெரியுது. நிலா குறுக்க வந்தா நிழல் விழும், அவ்வளவுதான். நிழல் யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

கடைசி வாக்கியத்தை எப்போதும் குரலை உயர்த்திச் சொல்வேன். பக்கத்து வகுப்புக்கும் கேட்கட்டும் என்று.

அந்த முறை சூரிய கிரகணம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் வந்தது. தெற்கே சில ஊர்களில் வளையமாகத் தெரியும், நமக்குப் பிறையாகத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு விடுமுறை. இருந்தாலும் தலைமையாசிரியையிடம் நச்சரித்து அறிவியல் மன்றத்துக்கு மைதானத்தைத் திறந்துவிட அனுமதி வாங்கினேன். கிரகணக் கண்ணாடிகள் வரவழைத்தேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஊசித் துளை போட்டு, உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி, சூரியனின் பிம்பத்தை அதில் விழவைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பெற்றோரையும் வரச்சொல்லிக் கூட்டத்தில் பேசினேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா மட்டும் போகாமல் நின்றார். மன்றத்தில் ரொம்பத் துடிப்பான ஒரு பெண்ணின் அம்மா. மார்க்கெட்டில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வேலை. பல வருடங்கள் கழித்து இரண்டாவதாக உண்டாகியிருந்தார், அப்போது ஏழு மாதம்.

“எனக்கும் பாக்கணும்னு ஆசதான் மிஸ். ஆனா வூட்ல இருக்கறவங்க பயமுறுத்தறாங்க. உதடு பிளந்து பொறக்கும்ன்றாங்க. நெசமா ஒண்ணும் ஆவாதா?”

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். துப்பட்டாவை ஒதுக்கி வயிற்றைக் காட்டினேன். “நானே வரேன். நீங்களும் வாங்க. நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு பாப்போம்.”

அவர் சிரித்தார். “நீங்க இருந்தா எனக்கு இன்னா பயம்” என்றார்.

எங்கள் வீடு இரும்புலியூரில். நாங்கள் கிறிஸ்தவர்கள். தெருவில் யாராவது கிரகணத்துக்குத் தர்ப்பை தேடினால், அத்தை, அதாவது என் மாமியார், “நமக்கு அதெல்லாம் கிடையாதுப்பா” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அதே அத்தை கிறிஸ்துமஸ் அன்று மாலை, விருந்தாளிகள் போனபின், மிச்சமிருந்த கேக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு நீ வெளிய போக வேணாம்மா.”

“அத்தை, நாம இதெல்லாம் நம்பறதில்லையே.”

“நம்பிக்கை இல்லம்மா. நம்பிக்கை வேற, ஜாக்கிரதை வேற. போன வருஷம் ஒண்ணு தங்கல. அதனாலதான் சொல்றேன்.”

போன வருடம் தங்காத அந்தக் கருவுக்கும் வானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மாதங்களில் நான் எந்தக் கிரகணத்தையும் பார்க்கவில்லை, கேள்விப்படவும் இல்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கணவர், “ஒரு காலைதானே, விடேன்” என்றார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு முதல் ஷிஃப்ட், சீக்கிரம் தூங்கவேண்டும். சண்டை போட்டிருக்கலாம். போட்டால் நான்தான் ஜெயித்திருப்பேன், அத்தை அப்படியொன்றும் பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் “ஒண்ணு தங்கல” என்ற சொல் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. சரி என்றேன். அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே சொன்னேன் என்பதுதான் வெட்கக்கேடு.

காலையில் உடன் வேலை செய்யும் ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். லேசான காய்ச்சல், நீங்களே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் உடனே, “ரெஸ்ட் எடுங்க, இந்த நேரத்துல உடம்புதான் முக்கியம்” என்று பதில் போட்டார்.

எட்டு மணிக்குக் கிழக்குப் பக்க அறையில் என்னைப் படுக்கவைத்து, பழைய மர ஜன்னலை அத்தை இழுத்துச் சாத்தினார். மேலுடுப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டார். கத்தி, கத்தரிக்கோல் எதையும் தொடாதே, காலை மடக்காமல் நீட்டிப் படு என்றார். இந்தச் சட்டமெல்லாம் அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. எல்லாம் மனப்பாடமாக இருந்தது. பிறகு முன்னறையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணத் தொடங்கினார்.

கால் நீட்டிக் கட்டைபோல் கிடந்தேன். ஒன்பது மணி வாக்கில் கைப்பேசி அதிர்ந்தது. மன்றத்துப் பெண் அவள் அம்மாவின் எண்ணிலிருந்து படம் அனுப்பியிருந்தாள். பள்ளி மைதானம். நடுவில் அவள் அம்மா, கிரகணக் கண்ணாடியோடு அண்ணாந்து நிற்கிறார். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. கீழே, “அம்மா பாத்துட்டாங்க மிஸ். நீங்க இல்லாததால முதல்ல பயந்தாங்க. அப்புறம் மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வந்து நின்னாங்க” என்று எழுதியிருந்தாள்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஜன்னல் கதவில் பழைய தாழ்ப்பாள் கழன்ற இடத்தில் ஒரு திருகாணித் துளை உண்டு. அதன் வழியே வந்த வெளிச்சம் படுக்கை விரிப்பில் விழுந்திருந்தது. வட்டமாக இல்லை. கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு பிறை. அட்டைப்பெட்டியில் பிள்ளைகளைப் பாடுபட்டுச் செய்யவைத்ததை எங்கள் ஜன்னல் சும்மாவே செய்துகொண்டிருந்தது. அறையே பெட்டி, நான் உள்ளே ஒட்டிய தாள்.

அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறை அசையாமல் இருப்பதுபோலத் தெரியும், கொஞ்ச நேரம் பார்த்தால் நகர்ந்திருக்கும். நகர்வது சூரியன் இல்லை, பூமி சுற்றுகிறது என்று எனக்குள்ளேயே பாடம் நடத்திக்கொண்டேன். விரிப்பிலிருந்து இடுப்புக்கு வந்தது. அங்கிருந்து வயிற்றின் மேல் ஏறத் தொடங்கியது.

நான் தலையணையை இழுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. அத்தை சொல்லவில்லை. அவர் முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தினமும் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது என் மேல் கொட்டுகிற அதே வெயிலில், அன்றைக்கு ஒரு நகத்தளவு, அதுவும் பாதிக்கு மேல் குறைந்துபோனது. அதற்குப் போய், பட்டம் வாங்கி ஆசிரியையான நான், தலையணையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிறை தலையணை உறையின் பூ வேலைப்பாட்டைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் போகும்வரை எடுக்கவில்லை. வீட்டாருக்காக உள்ளே இருந்தேன் என்று அதுவரை ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அது அந்த நிமிடமே போய்விட்டது.

கிரகணம் விட்டதும் அத்தை என்னைக் குளிக்கச் சொன்னார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது வாசலில் மணி அடித்தது. அந்த அம்மாவும் பெண்ணும். கையில் தூக்குப் பாத்திரம். எனக்குக் காய்ச்சல் என்று கேட்டு, வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாதம் குழைத்து, அந்த வயிற்றோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

அத்தைக்கு என் காய்ச்சல் கதை தெரியாது. “வாங்க வாங்க” என்று உட்காரவைத்தார். “இப்பதான் குளிச்சா. காலைலேர்ந்து ரூமை விட்டே வெளிய விடல. மாசமா இருக்கற பொண்ணு, கிரகண நேரம் பாருங்க.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகச் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

“காய்ச்சல் இல்லியே மிஸ்” என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இரண்டு கைகளும் தானாக வயிற்றுக்குப் போயின.

“நான் பாத்துட்டேனே மிஸ். ரொம்ப நேரம் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஒண்ணும் ஆகாதுங்க. சத்தியமா ஒண்ணும் ஆகாது. நான் வீட்டுல சொன்னாங்களேன்னு…” கட்டைவிரல், தண்ணீர்த் தொட்டி, நானூறு மடங்கு எல்லாம் தெரியும். ஈரத்தலையோடு நின்றுகொண்டு எதைச் சொல்வது? அவர் பெண் தன் அட்டைப்பெட்டியை எனக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தாள். காட்டவில்லை.

அதன்பிறகு அந்த அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஜனவரியில் பள்ளி திறந்ததும் பெண்தான் சொன்னாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். குழந்தை கொஞ்ச நேரம் உதைக்கவில்லை என்றால் அழுகிறாராம். ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. இருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் போன் செய்தேன். நிழலால் ஒன்றும் ஆகாது என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது கரெக்டுதான் மிஸ். ஆனா நீங்களே…” என்று நிறுத்திக்கொண்டார். மரியாதைக்காக நிறுத்தினார்.

மாசி மாதம் அவருக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. வேண்டுதல்தான் காப்பாற்றியது என்று சொன்னாராம். சித்திரையில், ஊரே அடைந்து கிடந்த ஊரடங்குக்கு நடுவில், எனக்கும் பிறந்தாள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தியது வீண்போகவில்லை என்றார் அத்தை. நான் மறுத்துப் பேசவில்லை.

ஜூனில் மகளுக்குத் தடுப்பூசி போடப் போன கிளினிக்கில் அவரைப் பார்த்தேன். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்களை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். மடியில் பிள்ளை நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தான்.

“அந்தக் கிரகணத்துலதான் இந்த வியாதியே வந்துச்சாம் மிஸ். வாட்ஸ்அப்புல போட்டுகினு கீறாங்க. நீங்க உள்ளயே இருந்தது நல்லதா போச்சு. நான்தான் தெரியாம போய் நின்னுட்டேன்.”

என் மகளின் துணியைச் சரிசெய்தேன்.

“வர்ற ஞாயித்துக்கெழம இன்னொண்ணு வருதாமே மிஸ். எம்பொண்ணு மொட்டமாடிக்குப் போயி பாப்பேன்னு அடம் புடிக்கறா. பெட்டிலாம் புதுசா செஞ்சு வெச்சிருக்கா. நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்க சொன்னா கேப்பா. உள்ளயே இருக்கணும்னு மிஸ் சொன்னாங்கன்னு சொல்லிக்கட்டுமா?”

விடுங்கள், பார்க்கட்டும், அவள் செய்வதுதான் சரி என்று சொல்லியிருக்கவேண்டும். ஐந்தே வார்த்தை. அதைச் சொன்னால் அன்றைக்கு நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று அந்தக் கண்கள் கேட்கும். அதற்குள் நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“சொல்லிக்குங்க” என்றேன். “வெளிய கொரோனாவேற இருக்கு. உள்ளயே இருக்கட்டும்.”

“தேங்க்ஸ் மிஸ்” என்றார் அவர். “மிஸ் சொல்லிட்டாங்கன்னா அவ மறுபேச்சு பேச மாட்டா.”