நிலைக்கு மேல் நான்கு விரல்

எங்கள் வீட்டைப் பற்றிய முதல் விமர்சனம், வீடு கட்டத் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே வந்துவிட்டது. சொன்னவர் என் மனைவியின் அண்ணன்.

"கல்வீட்டிலை பிறந்தவளைக் கடைசியிலை கொட்டிலுக்கை கொண்டுபோய் இருத்தப் போறீர், என்ன?"

மச்சான் இங்கே கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். முப்பது வருடமாக மேசன் வேலை. சீமெந்தைத் தவிர வேறெதையும் முழுதாக நம்பமாட்டார். யாருடைய வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்பு சுவரை ஒருதரம் தட்டிப் பார்ப்பார். எங்கள் வரைபடத்தையும் தட்டிப் பார்த்தார்.

வரைபடம் என்னுடையது. அதே மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் குசினி மேசையில், கட்டம் போட்ட தாளில் ஆறு மாதம் கீறினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. அவவுக்கும் அடுத்த ஜூனோடு ஓய்வு. நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில், மலையடிவாரத்தில் ஒரு துண்டுக் காணி மலிவாகக் கிடைத்தது. காணி முழுக்கப் பைன் மரம். உருட்டு மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். எனக்கு ஆசை வந்துவிட்டது. மனைவிக்கு வரவில்லை.

அவ வேண்டாம் என்று சொல்லவில்லை. நிபந்தனை வைத்தா. இரண்டு.

"மீன் பொரிக்கத் தனியாக் குசினி வேணும். வாசல் நிலை முறைப்படி வைக்கோணும். இந்த ரெண்டும் இல்லாட்டி நான் வரமாட்டன். நீங்கள் போய் உங்கடை மரத்தோடை இருங்கோ."

முதல் நிபந்தனை கட்டுபவரோடு அரை நிமிடத்தில் முடிந்தது. அவர் அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது, பிரெஞ்சு மட்டும் பேசுவார். இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு குசினி என்று கேட்பார் என நினைத்து ஒரு நீண்ட விளக்கம் தயாரித்துப் போயிருந்தேன். பாதியிலேயே தலையாட்டினார். அந்தக் காலத்தில் அவருடைய குடும்பத்து ஆட்களும் கோடையில் சமைக்க வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு குசினி வைத்திருந்தவர்களாம். "மணம் உள்ளே வராது," என்றார். மீனைப் பற்றி நான் இன்னும் சொல்லவே இல்லை.

இரண்டாவதில்தான் சிக்கல். எங்களுக்கு வீடு என்றால் முதலில் வாசல் நிலை. நல்ல நேரம் பார்த்து, கீழே பொன் வைத்து, நிலையை நிமிர்த்திய பிறகுதான் சுவர் அதைச் சுற்றி எழும்பும். மர வீட்டில் எல்லாம் தலைகீழ். முதலில் நாலு பக்கமும் சுவரை முழுதாக அடுக்கிவிடுவார்கள். வாசலை அதற்குப் பிறகு வெட்டி எடுப்பார்கள்.

இதை நான் மனைவிக்குச் சொல்லவில்லை. அவவே ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தா. ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழும்பி நின்றது. அவ வீட்டை ஒருதரம் சுற்றி வந்தா. பிறகு மற்றப் பக்கமாக இன்னொருதரம் சுற்றினா.

"வாசல் எங்கை?"

"பேந்து வெட்டுவினம்."

"அப்ப வேலையாட்கள் எப்படி உள்ளுக்குப் போகினம்?"

அந்த நேரம் பார்த்து ஒருவர் சுவருக்கு மேலால் ஏணியில் இறங்கி வந்து, "பொன்ஜூர், மதாம்" என்றார். மனைவி அந்த வணக்கத்துக்கு முதுகைக் காட்டினா. காரில் போய் ஏறிக்கொண்டா.

ஐயரிடம் போனேன். அவர் பிரச்சினையைக் கண்ணை மூடிக் கேட்டார். இந்த நாட்டில் நிலவறைக்குள் யாகம் செய்து, புகை அலாரத்துக்குப் பொலித்தீன் பை கட்டிப் பழகியவர் அவர். "வெட்டுறதையே நல்ல நேரத்திலை வெட்டச் சொல்லுங்கோ. அதோடை நிலையையும் வச்சிடுவம்," என்றார். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பத்திரண்டு.

கட்டுபவரிடம் நேரத்தைச் சொன்னேன். "நாற்பத்தைந்து ஆகாதா?" என்றார். ஆகாது என்றேன். கூரை முடிந்ததும் தாங்கள் முகட்டில் ஒரு சின்ன ஊசியிலை மரத்தை ஆணியடித்து வைப்பதாகவும், ஏன் என்று தன்னிடம் ஒருவரும் கேட்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, மணிக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டார்.

சரியாக ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மோட்டார் வாள் உறுமியது. ஐயரின் மந்திரம் அதற்குப் பிறகு ஒருவருக்கும் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. மரத்தூள் தேங்காய்க்கு மேலும் மச்சானுடைய புதுச் சேர்ட்டுக்கு மேலும் சமமாகக் கொட்டியது. வாசல் திறந்தது. மனைவி ஒரு சின்னப் பொன் துண்டை வைத்தா. நிலை நிமிர்ந்தது. அவவின் முகத்தில் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. எல்லாம் சரி என்று நான் நினைத்த நிமிடத்தில் மச்சான் மேலே கையைக் காட்டினார்.

"உதென்ன ஓட்டை?"

நிலையின் தலைக்கும் மேலே இருந்த மரத்துக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி. நான் கட்டுபவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மரம் காயும். காய்ந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒடுங்கும். எல்லாம் சேர்ந்து சுவரின் உயரம் சில வருடங்களில் நான்கு விரல் குறையும். அதற்காகத்தான் அந்த இடைவெளி. அதற்குள் கம்பளிப் பஞ்சு அடைத்து மேலே ஒரு பலகை போட்டு மறைப்போம், ஒருவரும் அதில் கை வைக்கவேண்டாம்.

இதைத் தமிழில் சொல்லவேண்டியது என் பொறுப்பு. ஒரு காலத்தில் பத்திரிகையில் தலைப்பு எழுதிய கை என்னுடையது. நாலு வசனத்தை இரண்டு சொல்லில் அடைப்பது பழக்கம்.

"வீடு இறங்குமாம்," என்றேன்.

சுவர் அமரும் என்று சொல்லியிருக்கலாம். மரம் ஒடுங்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மேசனிடம் போய் வீடு இறங்கும் என்று சொன்னால், அவருக்கு அதில் ஒரே ஒரு பொருள்தான்: அத்திவாரம் பிழையாய்ப் போய்விட்டது. மச்சானின் முகம் மாறியதைக் கண்டேன். மரத்தூள் கண்ணுக்குள் போய்விட்டதாக்கும் என்று எண்ணினேன்.

கார்த்திகைக்குள் கூரை போட்டு, அடுப்பும் வைத்தாகிவிட்டது. குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் போய் அடுப்பெரித்துத் தங்கினோம். மனைவி வந்தா, சமைத்தா, ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்தா. அங்கே வந்து இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மீன் பொரித்துப் பார்த்தா. "மணம் வரேல்லைத்தான்," என்றா. அவ்வளவுதான்.

பெப்ரவரியில் அப்பார்ட்மென்ட் வீட்டுக்காரனின் கடிதம் வந்தது. வருகிற ஜூலை முதலாம் திகதியிலிருந்து இன்னொரு வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், விலகுவதென்றால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்கவும். இந்த மாகாணத்தில் பேசாமலிருந்தால் சம்மதம் என்று பொருள். ஒப்பந்தத்தில் எங்கள் இருவருடைய பெயரும் இருந்தது. விலகும் கடிதத்தை நான் தட்டெழுதி, என் கையெழுத்தை வைத்து, மனைவியின் பெயருக்கு மேலே இடம் விட்டு மேசையில் வைத்தேன். அவ அதன்மேல் மரக்கறிப் பையை வைத்தா. மறுநாள் பையை எடுத்துவிட்டேன். அவ ரேடியோவை வைத்தா.

மார்ச்சில், கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில், கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைசித் தடவையாகக் கேட்டுப் பார்ப்போம் என்று அவவைக் கூட்டிப் போனேன். மச்சானும் தானாகவே வந்து ஏறிக்கொண்டார். அவருக்கு அந்த வீட்டின்மேல் திடீரென்று ஒரு அக்கறை. வாரக்கணக்காக, "கதவு லேசாத் திறபடுதோ?" என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று கதவு லேசாகத் திறபடவில்லை. தோளால் இடித்துத்தான் திறந்தேன். மனைவி உள்ளே போய் அடுப்பை மூட்டினா. நாங்கள் இருவரும் காரிலிருந்து சாமான் இறக்கினோம். குளிர் மைனஸ் பன்னிரண்டு. உள்ளிருந்து அவ கதவைத் தள்ளிச் சாத்தினா. படார் என்று ஒரு சத்தம். பிறகு கதவு எந்தப் பக்கத்துக்கும் வரவில்லை. நான் தள்ளினேன். அவ இழுத்தா. மச்சான் உதைத்தார்.

"அண்ணை, உதையாதேங்கோ! பொன் வச்ச நிலை!"

"அப்ப ஜன்னலாலை இறங்கி வா."

"ஜன்னலாலை ஏறி இறங்க நான் என்ன கள்ளியோ?"

"நாங்கள் உள்ளுக்கு வரட்டோ?"

"அறுபது வயசிலை நீங்கள் ஜன்னலாலை விழுந்து காலை முறிச்சால் ஆர் பாக்கிறது? நில்லுங்கோ அங்கையே."

கட்டுபவருக்கு அழைப்பு எடுத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் வருவதாகச் சொன்னார். நாங்கள் காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நன்றாக வந்துகொண்டிருந்தது. மச்சான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்டு சொன்னால் கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"அந்த ஓட்டையை நான் அடைச்சுப் போட்டன்."

"எந்த ஓட்டையை?"

"நிலைக்கு மேலை. தையிலை நானும் உங்களோடை வந்து நிண்டனே, நீங்கள் ரெண்டு பேரும் சாமான் வாங்கப் போன நேரம். பலகையைக் கழட்டிப் பஞ்சை எடுத்துப் போட்டு, ஓட்டுத் துண்டும் சீமெந்தும். இறுக்கமா. பலகையைத் திருப்பிப் போட்டிட்டன். ஒருத்தருக்கும் தெரியாது."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் பதிவு செய்யவேண்டும்.

"ஏனப்பா?"

"நீர்தானே சொன்னனீர் வீடு இறங்குமெண்டு! என்ரை தங்கச்சி இருக்கப்போற வீடு. இறங்க விடுவனோ? முட்டுக் குடுத்தனான்."

சுவர் ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்புச் சூட்டில் காய்ந்து, ஒடுங்கி, கீழே வரப் பார்த்திருக்கிறது. வந்த பாரம் முழுவதையும் மச்சானின் சீமெந்து வாங்கி, நிலையின் தலையில் இறக்கியிருக்கிறது. குற்றத்தில் பாதி என்னுடையது என்பதால் நான் கத்தவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன்.

"ஜன்னல்களுக்கு மேலையும் இடைவெளி இருக்கே. அதுகளை ஏன் விட்டனீர்?"

"சீமெந்து முடிஞ்சு போச்சு."

அரை மணி நேரம் கழித்து அவ சாப்பிட ஏதாவது தருவா என்ற நம்பிக்கையில் ஜன்னலடிக்குப் போனோம். உள்ளே அவ அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, காலை நீட்டி, கையில் தேத்தண்ணியோடு இருந்தா. அவவின் கைத்தொலைபேசி என்னோடு காருக்குள் கிடந்தது. அதில் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. சொன்னேன்.

"விடுங்கோ," என்றா. ஜன்னலைத் திறந்து எங்களுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி தந்தா. இருவருக்கும் சேர்த்து ஒன்று. உடனே ஜன்னலைச் சாத்தினா, குளிர் வருமாம்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் போனோம். இந்தத் தடவை அவ கண்ணை மூடி இருந்தா. மச்சான் பதறிப் போய்க் கண்ணாடியில் தட்டினார். எழும்பி வந்து ஜன்னலைத் திறந்தா.

"என்ன அண்ணை?"

"பயந்து போனன். ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை. அதுதான் நல்லாயிருக்கு." பிறகு என்னைப் பார்த்தா. "முப்பத்தொரு வருசத்திலை இப்பிடி ஒருத்தரும் உள்ளுக்கு வராமல், ஒண்டும் கேக்காமல் நான் இருந்ததில்லை. அந்தக் கடிதம் கொண்டந்தனீங்களோ?"

கோட்டுப் பையில் கையை விட்டேன். குளிரில் விரல் மரத்துப்போய் மடிப்பு பிரியவில்லை. மச்சான்தான் பிரித்துக் கொடுத்தார். அவ அதை ஜன்னல் விளிம்பில் வைத்து, பேனையை வாயால் ஊதிச் சூடாக்கி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தா. திகதியையும் போட்டா. கடிதத்தை வெளியே நீட்டிவிட்டு ஜன்னலை மூடினா.

கட்டுபவர் வந்ததும் பலகையைக் கழற்றினார். சீமெந்தைக் கண்டார். பிறகு தேவாலயத்தில் பூசைக்கு எடுக்கும் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்த ஊரில் தூஷணம் அப்படித்தான். முப்பது வருடம் கட்டட வேலை செய்த மச்சானுக்குப் பிரெஞ்சில் இந்தப் பகுதி மட்டும் முழுதாக விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பாவம் மனுசன், நல்ல பக்தி."

உளியும் சுத்தியலுமாக முக்கால் மணி நேரம். கடைசித் துண்டு உடைந்தபோது சுவருக்குள் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு தானாக விலகியது. எங்கள் மூவரோடு சேர்ந்து குளிரும் வாசலுக்கு வந்து நின்றது. மனைவி கதிரையை விட்டு எழும்பவில்லை.

"கதவைச் சாத்துங்கோ," என்றா.

எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று அவ சொல்லவில்லை. மச்சான் ஒருதரம் என்னைப் பார்த்தார், ஒருதரம் அடுப்பைப் பார்த்தார். பிறகு வெளியில் நின்றபடியே மெதுவாகச் சாத்தினார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் போய்ப் பொருந்தியது.