புகையில்லாத ஸ்டோரின் கதவு

சாந்தன்பாறையில் நல்லதம்பி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போடியிலிருந்து மலையேறி வந்தவன் நான். அடுத்தவர் ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில், அடுப்புக்கு விறகு தள்ளினேன். இன்று எனக்குச் சொந்தத் தோட்டம், சொந்த ஸ்டோர். எல்லாம் இந்தக் கையும் காலும் சும்மா இராததால் வந்தது. சாப்பாட்டைக்கூட நான் பாதி நின்றுகொண்டுதான் சாப்பிடுவேன்.

விறகு ஸ்டோரில் அந்தக் குணம்தான் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அடிக்கடி கதவைத் திறக்க வேண்டும், காயைத் தொட்டுக் குலுக்க வேண்டும், நெருப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். காய்ந்த பிறகும் காய் பச்சை நிறம் மாறாமல் இருந்தால்தான் விலை; என் கைபட்ட பச்சையைப் போடி வியாபாரிகள் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அந்த அடுப்பு மரம் தின்னும். தோட்டத்து நிழல் மரங்கள் ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் போயின. போன கோடையில், நிழல் இல்லாத சரிவில் ஏலச்செடி முழுக்கக் கருகிவிட்டது. மிச்சம் இருப்பது மேட்டில் மூன்று காட்டுப்பலாவும் அவற்றின் நிழலில் நிற்கும் செடிகளும்தான். அந்தப் பலாவும் போனால் தோட்டமே இல்லை.

அதனால்தான் கரண்ட் ஸ்டோர் வாங்கினேன். பார்க்கப் பெரிய இரும்பு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, காயின் ஈரத்தைத் தண்ணீராக்கிக் குழாய் வழியே வெளியே ஒரு வாளியில் சொட்டவிடும். புகை இல்லை, சாம்பல் இல்லை. பொருத்திக் கொடுத்த மெக்கானிக் ஆனந்தகுமார் அழுத்திச் சொன்னார்: "கொழாய்ல சொட்டு நின்னாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம், அதுவரைக்கும் கதவத் தெறக்காதீங்க. மழ ஈரம் உள்ள போனா காய் வெளுத்துரும்."

டீக்கடையில் பக்கத்துத் தோட்டக்காரன் பாண்டித்துரை சிரித்தான். மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவன்.

"என்ன மாமா, ஏலக்காய பீரோவுல மடிச்சு வைக்கப் போறீகளாம்ல?"

"வைக்கத்தான் போறேன் மாப்ள. வர்ற பச்சையப் பாத்து நீ கண்ணக் கசக்கிக்கிட்டு நிப்ப."

"பச்ச வரலைன்னா?"

"வரலைன்னா மேட்டுல நிக்கிற மூணு பலாவையும் நீயே வந்து அறு. பழைய அடுப்பையே மூட்டிக்கிறேன்!"

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை நான் மாற்றியவன் இல்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் லோடு ஏற்றிக் கதவைச் சாத்தினோம். மழை கொட்டியது. போனேன், வந்தேன், ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உள்ளே என்ன நடக்கிறதோ! கை தானாகக் கதவைத் திறந்தது. ஒரு காயை எடுத்துக் குலுக்கிவிட்டுச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறந்தேன்.

பார்த்துவிட்டாள் என் வீட்டுக்காரி சாந்தம்மாள்.

"ஏங்க, உள்ள என்ன பிரசவமா நடக்குது, எட்டி எட்டிப் பாக்க?"

"குலுக்காம எப்படிடி பதம் தெரியும்?"

"கொழாய்ல சொட்டுறது நின்னா ஆச்சுன்னு அந்த மெக்கானிக் தம்பி சொன்னாருல்ல? வாளியப் பாருங்க!"

கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குடையும் எடுக்காமல் மேட்டுக்குப் போனேன். மூன்று பலாவும் நனைந்துகொண்டு நின்றன. அங்கேயும் நிற்க முடியவில்லை. இறங்கி வந்து வாளியருகே உட்கார்ந்தேன். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன். வாளி நிறைந்ததும் சாந்தம்மாள் அந்தத் தண்ணீரில் வீட்டைத் துடைத்தாள். அறையெல்லாம் ஏலக்காய் மணத்தது. நான் காலி வாளியைக் கொண்டுபோய் மறுபடியும் குழாயடியில் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் சொட்டு நின்றது. சாந்தம்மாள் சாவியைக் கொண்டுவருவதற்குள் மரம் அறுக்கும் மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டித்துரையும் வந்துவிட்டான்.

கதவைத் திறந்தோம். கதவோரத் தட்டு வெளுத்துக் கிடந்தது. அதற்கு உள்ளே இருந்த தட்டுகளை இழுத்தால், அத்தனையும் பச்சை! விறகில் நான் எடுத்த பச்சையைவிட ஒரு படி மேல்.

பாண்டித்துரை ஒரு காயை உடைத்து மோந்தான்.

"முன்தட்டு வெளுத்திருக்கே மாமா?"

"அது நான் தெறந்து பாத்ததுல வெளுத்தது. மிசின் மேல பழி போடாத."

"அப்ப நான் எத அறுக்கிறது?"

"ஒங்க மாமா கையத்தான் தம்பி" என்றாள் சாந்தம்மாள்.

பாண்டித்துரை விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது, தன் காயையும் இதில் ஒரு தடவை போட்டுத் தர முடியுமா என்று மெல்லக் கேட்டான். நல்லதம்பி ஸ்டோர் என்றால் அப்படித்தான்.

இரண்டாவது லோடு இப்போது உள்ளே இருக்கிறது. சாவியை நானே சாந்தம்மாளிடம் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதே பல தடவை எழுந்து போய் வாளியைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.